பாதிச் சுரைக்காய்

பாதிச் சுரைக்காய் பிரிட்ஜில் இரண்டாவது தட்டில் அப்படியே இருக்கிறது. வெட்டின வாய் காய்ந்துவிடக் கூடாதென்று நேற்றுக் காலையில் நான் சுற்றி வைத்த துணிகூட இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. பால் திரிந்திருக்கும், எடுத்துக் கொட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் திறந்தேன், பாலை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பிரிட்ஜின் குளிர் வயிற்றில் அடிக்கிறது. லிங்கம் சொல்லி அனுப்பியது மூன்று வேலைதான். "யம்மா, நேத்துலேருந்து இந்தப் பெஞ்சுலயே இருக்கீக, வீட்டுக்குப் போயிக் குளிங்க, அப்பாவோட பழைய சுகர் சீட்டு எல்லாத்தையும் எடுங்க, ரெண்டு வேட்டி எடுங்க, ஒரு மணி நேரத்துல வந்துருங்க." குளித்தாயிற்று. சீட்டும் வேட்டியும் பைக்குள் போயாயிற்று. தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது, போய்விடலாம். கால் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, எங்கள் மகள் வடிவைவிடச் சின்னப் பிள்ளையாகத்தான் இருப்பாள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, காலையில எந்திரிச்சதுலேருந்து அவர் வாய்க்குள்ள என்னென்ன போச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுங்க." நான் சொன்னேன், முந்தின நாள் ராத்திரி இரண்டு இட்லி, அதற்கு முன்னே சாயங்காலம் டீக்கடையில் ஒரு வடை. அவள் வடை என்று எழுதிக்கொண்டாள். சாறு என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை கேட்டபோது எனக்கு அது நினைப்பிலேயே இல்லை, சத்தியமாக இல்லை, எங்கள் வீட்டில் சாறு என்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது, காலையில் பல் தேய்க்கிற மாதிரி, திருநீறு பூசுகிற மாதிரி அதுவும் ஒன்று. இரண்டாவது தடவை கேட்டபோது நினைப்பு வந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. முருகா, அப்போது ஏன் என் வாய் திறக்கவில்லை.

துணியைப் பிரித்தேன். வெளுத்த பச்சை, மேலே மெல்லிய பூனை முடி, இளம் காய்தான், முற்றின காய் இல்லை, கெட்ட வாடை இல்லை, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாத காய். இது கடையில் வாங்கினதும் இல்லை. பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த கொடி. விதை போட்டவர் யாரும் இல்லை. சாமி விக்கிரகத்தைக் கழுவுகிற தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்று தினமும் அந்த மூலையில்தான் ஊற்றுவேன், அங்கே ஒரு நாள் இரண்டு இலை விட்டு நின்றது. அவனே முளைக்க வைத்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவுகளிடமும் சொன்னேன். "ஆமா, உன் முருகன் மலையை விட்டுட்டு நம்ம சாக்கடையோரத்துல சுரைக்காய் போட வந்துட்டாரு" என்று சிரித்தாக. ஆனால் சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டிக் கொடியை ஏற்றிவிட்டது அவுகதான். பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருஷம் நேரம் பார்க்கிற வேலை பார்த்த ஆள், கொடி வளர்வதைக்கூட நேரம் பார்த்துச் சொல்லுவாக, நேற்றைக்கு இந்த ஆணி வரைக்கும் வந்தது, இன்றைக்கு அடுத்த ஆணி. முதல் காய் இதுதான். மூன்று காய் காய்த்ததில் இரண்டு பிஞ்சிலேயே வெம்பி விழுந்துவிட்டது, இது ஒன்றுதான் நின்றது. முதல் காய் சாமிக்கு என்று நான்தான் சொன்னேன். இல்லாவிட்டால் கூட்டு வைத்திருப்பேன். கூட்டு வைத்திருந்தால் மட்டும் என்ன, அதையும் ருசி பார்த்திருக்க மாட்டேன்.

தோலைச் சீவ ஆரம்பித்துவிட்டேன். கை அதன் பாட்டுக்குப் பலகையை எடுத்தது, கத்தியை எடுத்தது. நேற்றுப் போட்ட மாதிரியே இன்றைக்கும் போட வேண்டும், அதே அளவு, அதே சாமான், போட்டுச் சாமிக்கு வைத்துவிட்டு அப்புறம் நான் ஒரு வாய் எடுத்துப் பார்க்க வேண்டும், நன்றாக இருந்தால் சாற்றின் மேல் குற்றம் இல்லை, வடைதான், அந்த டீக்கடைக்காரன் எண்ணெய்தான், நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவுக கட்டிலுக்குப் பக்கத்தில் நிம்மதியாக நிற்கலாம். இப்படி ஒரு யோசனை ஓடுகிறது. இன்னொரு பக்கம், இதற்கு எதற்கு இவ்வளவு, ஒரு துண்டை நறுக்கி நாக்கு நுனியில் வைத்தால் தெரிந்துவிடுமே என்றும் ஓடுகிறது. துண்டு கையில்தான் இருக்கிறது. வாய்க்குக் கொண்டுபோகக் கை வரமாட்டேன் என்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம், விளக்குக்கு முன்னால் வைக்காமல் ஒரு பருக்கையை நான் வாயில் போட்டதில்லை. உப்பு பார்த்ததில்லை. கொதி வாசனையிலேயே உப்பு கூடவா குறையவா என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அவசரப்பட்ட நாளிலும் முதல் கரண்டி அந்தப் பித்தளைக் கிண்ணத்துக்குத்தான் போகும். "யம்மா, உங்க சாமிக்கு நாக்கு சுட்டுரும், கொஞ்சம் ஆறட்டும்" என்று லிங்கம் கேலி பண்ணுவான். எச்சில் படாத கை, எச்சில் படாத கரண்டி. அதை நான் பெருமையாகத்தான் வைத்திருந்தேன், இப்போது சொல்வதற்கென்ன, மற்ற வீட்டுப் பெண்கள் குழம்பைக் கையில் விட்டு நக்கிப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு படி உயர்ந்துதான் நின்றிருக்கிறேன்.

இந்தச் சாறு பழக்கம் வந்தே இரண்டு வருஷம்தான் இருக்கும். அவுகளுக்கு வேலை ஓய்ந்த பிறகு காலையில் வயிறு ஒழுங்காகப் போகாமல் அரை மணி முக்கால் மணி நேரம் கக்கூசில் உட்கார்ந்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருவாக. சுகரும் இருந்தது. பெங்களூரிலிருந்து வடிவு தினம் ஒன்று போனில் பேசி அனுப்புவாள், நார்ச்சத்து, நார்ச்சத்து என்று. "யம்மா, கேரட்டை அரைச்சு வடிகட்டுனீங்கன்னா வெறும் தண்ணிதான். சக்கையிலதான் எல்லாம் இருக்கு. அப்படியே குடுங்க. அப்பா மூஞ்சியச் சுளிச்சா எனக்குப் போன் போடுங்க." திங்கள் கேரட்டும் பீட்ரூட்டும், செவ்வாய் வாழைத்தண்டு, புதன் வெள்ளைப்பூசணி, வியாழன் கொய்யாவும் வெள்ளரியும், இப்படி ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், என் கையெழுத்து, ழகரம் வருகிற இடத்தில் இரண்டு பிழை, அவுக சிவப்புப் பேனாவில் திருத்தியிருக்காக. முதல் வாரம் டம்ளரைப் பார்த்துவிட்டு, "ஏளா, இது குடிக்கவா, மெல்லவா? மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டுத மாதிரியில்லா இருக்கு" என்றாக. நான் வடிவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன். பத்து நிமிஷம் அவள் பேச, இவுக உம் உம் என்று கேட்டுவிட்டுக் குடித்துவிட்டாக. அப்புறம் ஒரு நாள் பாகற்காய். "கசக்கு ஆவுடை, தொண்டையில இறங்கலை." அதற்கும் வடிவு, "அப்பா, கசந்தாத்தான் சுகருக்கு மருந்து, சின்னப் பிள்ளையா நீங்க?" அதிலிருந்து அவுக எதையும் சொல்வதில்லை. நான் சந்தோஷப்பட்டேன். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வயிறும் ஒழுங்காகப் போனது, உண்மை, அதைச் சொல்ல வேண்டும், அந்தச் சாறு அவுகளுக்கு நல்லதும் செய்தது. ஒரு மனுஷனை எதையும் சொல்லாமல் விழுங்கப் பழக்கியிருக்கிறோம், தாயும் மகளுமாக.

நறுக்கிவிட்டேன். விதைப்பக்கம் பஞ்சு மாதிரி வெள்ளை. இஞ்சி ஒரு துண்டு, புதினா ஒரு கைப்பிடி, சீரகம், மிளகு நாலு, உப்பு, அரை மூடி எலுமிச்சை. மிக்சியை ஓடவிட்டேன். அந்தச் சத்தம் காதுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் யோசனை நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது, அதனால் தேவைக்கு மேல் ஓடவிட்டேன், மிக்சி சூடேறி வாடை வந்தது. நிறுத்தினேன். நேற்றும் இந்த நேரம், ஆறரை இருக்கும். கிருத்திகை. எனக்கு விரதம், பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. மற்ற நாள் என்றால் எனக்கும் அரை டம்ளர் உண்டு, சாமிக்கு வைத்து எடுத்ததும் நான் பாதி அவுக முழுசு. நேற்று முழுசும் அவுகளுக்கு. அடுப்பங்கரை வாசலில் நின்று ஒரு வாய் குடித்தாக. நிறுத்தினாக. முகம் சுளித்தாக என்று ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தபோது நினைத்தேன். சுளித்ததோடு போகவில்லை, சொன்னாக. அதைத்தான் நேற்று முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். "ஏளா ஆவுடை, இன்னைக்கு என்ன, வேப்பங்கொழுந்து அரைச்சியா? கடுமையாக் கசக்கு." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். "கசந்தா நல்லதுதான். சாமிக்கு வச்சதை மீதம் வைக்காதீக. கிருத்திகையும் அதுவுமா. மூச்சுவிடாமக் குடிச்சிருங்க." அப்புறம் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். டம்ளரில் ஒட்டின சக்கையை விரலால் வழித்தாக. தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தாக, பிரசாதம் வீணாகக் கூடாதென்று நான் சொல்லிக்கொடுத்தது. கழுவ வேண்டாத மாதிரிச் சுத்தமாக டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாக. ஏழேகாலுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தாக. முதல் வாந்தி பச்சையாக வந்தது. அப்புறம் வந்தது பச்சை இல்லை, சிவப்பு. நான் அதன் மேல் தண்ணீர் விட்டேன், அது கொடியின் பக்கம் ஓடியது. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவுக கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் திருநீறு பூசினேன். பூசின கைதான் கொடுத்த கை.

போன் அடித்தது. லிங்கம். "யம்மா, கெளம்பிட்டீகளா?" கெளம்புதேன் எய்யா என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான், யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் போல. "பிரஷர் ஏற மாட்டேங்குது. மருந்தைக் கூட்டிக்கிட்டே போறாங்க. வடையால எல்லாம் இப்படி ஆகாதாம், குடல் உள்ள புண்ணாயிருக்காம், ஏதோ விஷம் மாதிரி போயிருக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. யம்மா, அப்பாவுக்கு ஏதும் மனசுக் கஷ்டமா? உங்களுக்குள்ள ஏதும் சண்டையா? இல்ல, அவுகளா ஏதும் எடுத்து..." என்றவன் பேச்சை மாற்றினான். "போலீசுக்கு எழுதணுமாம். என்னன்னு தெரியாம வைத்தியம் பார்க்குறது இருட்டுல தேடுற மாதிரி இருக்குன்னு சொல்லுதாங்க." வருதேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவுகளா? ஒரு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட மனுஷன், தன் நேரம் வரும் முன்னால் கிளம்புகிற ஆளா? ஊர் அப்படிப் பேசும். போலீஸ் வீட்டுக்கு வந்து பூச்சிமருந்து இருக்கிறதா என்று அலமாரி அலமாரியாகத் திறந்து பார்க்கும். வடிவு பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறாள், அவள் காதில் இது விழும், அப்பா ஏன் அப்படிச் செய்தாக என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். சாறு என்று நான் சொன்னால், சக்கையோடு கொடுங்கள் என்று சொன்னது நான்தானே என்று அழுவாள். வடிகட்டியிருந்தால் குறைந்திருக்குமோ. பாதி டம்ளராவது குறைந்திருக்குமோ. இல்லை, கசப்பு தண்ணீரில்தானே இறங்கும். எனக்கு என்ன தெரியும், எட்டாம் வகுப்பு. தெரிந்தது ஒன்றுதான், சாமிக்கு வைத்தது யாருக்கும் கெடுதல் செய்யாது. அதை நம்பித்தானே இத்தனை வருஷம். அது போய்விட்டால் எனக்குக் கையில் என்ன இருக்கிறது. அதனால்தான் வாய் திறக்கவில்லை போலிருக்கிறது, அவுகளைவிட அது எனக்குப் பெரிசாகிவிட்டது போலிருக்கிறது, கட்டிலில் கிடக்கிற அவுகளைவிட.

சாற்றை டம்ளரில் ஊற்றினேன். நுரை கட்டி நின்றது, புதினா வாசம், நல்ல வாசம். பூசை அலமாரிக்கு முன்னால் போனேன். நேற்று ஏற்றின விளக்கு எண்ணெய் இல்லாமல் அணைந்து திரி கருகிக் கிடந்தது. பித்தளை முருகன், அரை முழ உயரம் இருப்பான், பால முருகன், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்த மாதிரி செய்திருப்பார்கள். அவனுக்கு முன்னால் வைக்க டம்ளரை நீட்டினேன். கை பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினால் சாமிப் பலகை. நீட்ட முடியவில்லை. குழந்தை என்று தோன்றியது. குழந்தை வாயில் இதை வைப்பாயா என்று ஒன்று கேட்டது, வெளியிலிருந்து இல்லை, நெஞ்சுக்குழிக்குள்ளிருந்து. மாட்டேன். வைக்க மாட்டேன். பித்தளைக்குக் கொடுக்கப் பயந்துகொண்டு நிற்கிற நான், நாக்கும் குடலும் இருக்கிற மனுஷன், கசக்கு என்று சொன்ன மனுஷன், அவுகளுக்குத் திரி திரித்துக்கொண்டே கொடுத்தேன். ருசி பார்க்க வேண்டிய வேலையே இல்லை. எனக்கு நேற்றே தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தபோதே தெரியும். டம்ளரைத் திரும்ப அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய், மூடி இறுக்கமான தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றினேன், நறுக்கினதில் மிஞ்சின காம்புத் துண்டையும் தோலையும் ஒரு கவரில் கட்டினேன்.

லிங்கத்தைக் கூப்பிட்டேன். டாக்டரம்மா கையில் போனைக் கொடு என்றேன். "சொல்லுங்கம்மா" என்றாள். "நேத்துக் காலையில ஆறரைக்கு ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு குடிச்சாக. பச்சையா அரைச்சது. சக்கையோட. நான்தான் போட்டுக் குடுத்தேன். வீட்டுல தானா முளைச்ச கொடி." அப்புறம் மெதுவாக, "கசந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது. "நான் வாயில வைக்கலைம்மா." "அவர் ஏதும் சொன்னாரா?" "கசக்குன்னு சொன்னாக." "சொல்லிட்டுமா முழுசையும் குடிச்சாரு?" "நான் குடிக்க வச்சேன்." அந்தப் பக்கம் யாரிடமோ வேகமாக இங்கிலீஷில் பேசுகிற சத்தம். சுரைக்காய் என்கிற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. திரும்ப வந்து, "மீதி இருந்தா எடுத்துட்டு வாங்க, யாரும் தொட்டு நாக்குல வச்சிராதீங்க" என்றாள். இதற்கென்று மாற்று மருந்து உண்டா என்று கேட்டேன். "மாத்து மருந்துன்னு இல்லம்மா. ஆனா என்னன்னு தெரிஞ்சா என்னத்தைச் செய்யக் கூடாதுன்னாவது தெரியும். நேத்தே தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தாள், நிறுத்திக்கொண்டாள். போன் லிங்கத்திடம் போனது. அவன் மூச்சுவிடுவது கேட்டது. திட்டு எய்யா என்று நினைத்தேன். அவன் திட்டவில்லை. "நேத்துச் சாயங்காலம் மூக்குல குழாய் வைக்கிறதுக்கு முன்னால டாக்டரம்மா அப்பாகிட்டயும் கேட்டாங்க, என்ன குடிச்சீகன்னு. ஒண்ணுமில்லன்னு தலையை ஆட்டிட்டாக. அவங்க அந்தப் பக்கம் போனதும் என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, 'அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதல, அவ தாங்க மாட்டா'ன்னு சொன்னாக. எனக்கு அப்பம் வெளங்கலை யம்மா." "இப்பம் பேசுதாகளா?" என்று கேட்டேன். லிங்கம் சொன்னான். "இல்ல. நீங்க வாங்க."